காய்ந்த பின் அளந்த சுண்டெலி

எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் சுண்டெலி ஒன்று செத்துக் கிடந்தால், என் மனைவி அதை முறத்தில் வாரிக் கொட்டுவதற்குள் நான் குனிந்துவிடுவேன். வாலைப் பிடித்து முதுகின் மேல் மடித்து, அது மூக்கு வரைக்கும் வருகிறதா என்று பார்ப்பேன். அவளுக்கு அருவருப்பு. "இன்னாத்துக்கு இந்தக் கருமம்" என்பாள். நான் பதில் சொல்வதில்லை. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. பதில் சொல்லப்போனால் வார்த்தை தடித்துவிடும், பிறகு இரண்டு நாளைக்கு வீட்டில் பேச்சு இருக்காது.

ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷம் முந்தி நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஷாப்பு என்றால் கடை இல்லை. ஆட்டுத்தோல் சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் போய், சதை போய், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதமாகிற இடம். சாய்ந்த கட்டையின் மேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையை வழித்து எடுப்பது என் வேலை. ஒரு கீறல் விழக்கூடாது. என் கையில் விழாது. அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

அங்கே சேர்ந்தவனுக்கு இரண்டு மாதத்தில் மூக்கு செத்துவிடும். வெளியூர்க்காரர்கள் ரயிலில் போகும்போதே துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். நாங்கள் குழியோரம் உட்கார்ந்து கூழ் குடிப்போம். வீட்டில் சோறு தீய்ந்தால்கூட எனக்குத் தெரியாது, யாராவது சொல்ல வேண்டும். அது ஒரு குறை என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

மைசூர்ப் பக்கத்திலிருந்து பிளேக் வந்தது. முதல் வருஷம் வந்து போய், மறு வருஷமும் வந்தது. பாலாற்றங்கரையில் ஓலைக் கொட்டகை போட்டு, மதராசிலிருந்து ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்தார். தோலைக் கிழிக்காமல் உரிக்கத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்று எங்கள் சாயபு முதலாளியிடம் கேட்டிருக்கிறார். எங்கள் தெருவில் நாலு வகுப்பு படித்தவன் நான் ஒருத்தன்தான். "எலித்தோல் பதம் போடப் போறான்டா, இனிமே நமக்கெல்லாம் எலித்தோல் செருப்புதான்" என்று ஷாப்பில் ஒரு வாரம் கேலி செய்தார்கள்.

டாக்டருக்கு சர்க்கார் வேலை ஒன்று, சொந்தப் பைத்தியம் ஒன்று. செத்த எலிகளை அறுத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பது சர்க்கார் வேலை. சொந்தப் பைத்தியம் சுண்டெலி. நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கே ஒரு பலகையில் நான்கு சுண்டெலிகளை வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு, "இதுல எத்தனை ஜாதி இருக்குப்பா?" என்றார்.

"ஒன்னுதாங்க. எல்லாம் சுண்டெலி."

"நாலு" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, இவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன். முதலாவது, வீட்டுச் சுண்டெலி. வால் உடம்பைவிட நீளம். வயிறு சாம்பல் கலந்த நிறம். மேல் முன்பல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் பின்புறம் அரத்தால் ராவினது போல ஒரு வெட்டு தெரியும், ஆனால் அதற்குக் கண்ணாடி வேண்டும். இரண்டாவது கணியம்பாடிக் கேழ்வரகுக் கொல்லையிலிருந்து வந்தது. கட்டைவிரல் அளவுதான், வயிறு வெள்ளை, வால் உடம்புக்குச் சரியாகவோ குட்டையாகவோ இருக்கும். அந்தப் பல்வெட்டு அதற்குக் கிடையாது. மூன்றாவது மலைப்பாறைகளுக்கு நடுவில் வாழ்வது. முதுகு மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவினால் விரலில் குத்தும். வளை வாசலில் பொடிக்கற்களைப் பொறுக்கி வந்து குவித்து வைக்கும். எதற்கென்று அவருக்கும் தெரியாது. நான்காவது விரிஞ்சிபுரத்துப் பக்கம் ஆற்றோரப் புதரில் பிடித்தது. அதற்கும் முள்மயிர்தான், ஆனால் நிறம் வேறு, பாதம் பெரிது. அது தனி ஜாதியா, கல் வைக்கிறதன் பங்காளியா என்று சீமைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தார். பதில் வரவே இல்லை.

சுண்டெலி பிடித்துத் தருகிறவர் ஓர் இருளர். வயதில் என்னைவிட ரொம்பப் பெரியவர். மூடின பானையில் உயிரோடு கொண்டு வருவார். அவரிடம் மூன்று ஜாதிதான்: மண்ணு தள்றது, கல்லு வெக்கிறது, சுவத்துல ஒண்டறது. எலியைப் பார்க்காமல் வளையைப் பார்த்தே சொல்லிவிடுவார். டாக்டர் அவரை பெஞ்சியில் உட்கார வைத்துப் பேசுவார். உலகத்தில் என்னைச் சாமி என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அந்த இருளர்தான். சர்க்கார் வேலையில் இருக்கிறேன் என்று எனக்கும் தலை கொஞ்சம் வீங்கிப்போயிருந்தது.

பைத்தியம் என்று நான் நினைத்ததில் ஊருக்கு ஒரு காரியம் இருந்தது. பெரிய எலி செத்து விழுந்தால் கேள்வியே கிடையாது, அந்த வீட்டு வரிசையையே காலி பண்ண வேண்டும். கூரையைப் பிரித்து, சாமான்களை வெயிலில் போட்டு, சனங்களை ஆற்று மணலில் கேம்ப்புக்குக் கொண்டு போவார்கள். செத்தது சுண்டெலி என்றால்தான் யோசனை. வீட்டுச் சுண்டெலியானால் காலி பண்ணு. வயல் சுண்டெலியானால் விட்டுவிடு, அது மனுஷனோடும் வீட்டெலியோடும் குடியிருப்பதில்லை, கொல்லையிலிருந்து வழி தவறி வந்து பூனை வாயில் அடிபட்டுச் செத்திருக்கும். டாக்டர் வைத்த ஏற்பாடு இது. கேம்ப்பு என்றால் சனங்களுக்கு அவ்வளவு பயம் என்பதால், தேவையில்லாமல் ஒரு வரிசையையும் கலைக்கக்கூடாது என்று அவர் நினைத்தார். நல்ல மனுஷன்தான்.

என் அக்கா, ஷாப்புக்குப் பின்னால் இருந்த வரிசையில் குடியிருந்தாள். முதல் வருஷம் அந்த வரிசையைக் காலி பண்ணினபோது, கேம்ப்பில் மழை பிடித்துக்கொண்டது. ஈர மணலில் ஓலையை விரித்துப் படுத்தார்கள். அவளுடைய மூத்த பையன் பேதியில் போனான். பிளேக்கில் அந்த வரிசையில் ஒருத்தரும் சாகவில்லை, கேம்ப்பில்தான் அவன் செத்தான். மறு வருஷம் அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண்ணும், பிறந்து ஒரு மாதமான ஆண் குழந்தையும் இருந்தன.

டாக்டர் வாணியம்பாடிக்குப் போயிருந்தார். அங்கே நோய் கடுமையாகி, திரும்பி வர நாளாகும் என்று ஆள் வந்து சொன்னான். கொட்டகையை என்னிடம் விட்டிருந்தார். ஒரு காலையில் அக்கா கொட்டாங்குச்சியில் இலை போட்டு மூடி ஒன்றைக் கொண்டு வந்தாள். திறந்து பார்த்தால் சுண்டெலி. அவள் வீட்டுச் சுவரோரம் கிடந்தது என்றாள். மறைத்து வைத்தது தெரிந்தால் தண்டனை உண்டு என்பதால்தான் கொண்டு வந்திருக்கிறாள்.

"தம்பி, காட்டெலின்னு எழுதிடுடா."

"பாத்துட்டு எழுதறேன்க்கா."

"பாக்கறதுக்கு இன்னா கீது? எங்க வூட்டுக்குப் பின்னாடிதான் கொல்லை. அங்கேருந்துதான் வந்திருக்கும்."

"பாக்காம எழுத முடியாது."

"கைப்புள்ளய வெச்சிக்கினு அந்த மணல்ல எப்டிடா படுப்பேன்? போன தபா ஒன்ன வாரிக் குடுத்தேன். இப்ப இன்னொன்னையும் குடுக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. ஆனால் எதிரில் நின்றது அவள்தான். "பொய் எழுதற வேல எங்கிட்ட வெச்சிக்காத. எலி இன்னாவோ அதான் எழுதுவேன். போ" என்று கத்தினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த இருளர் எழுந்து வந்து கொட்டாங்குச்சிக்குள் எட்டிப் பார்த்தார். "இது வூட்டுது சாமி" என்றார்.

"எப்டிச் சொல்ற?"

"மோந்து பாரு. இன்னா நாத்தம் அடிக்குது. வயக்காட்டுது இப்டி நாறாது."

நான் மூக்கருகே கொண்டு போனேன். ஒன்றும் தெரியவில்லை. வெறும் காற்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மோந்து பாத்தெல்லாம் சர்க்கார்ல எழுதமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். என் மூக்கு வேலை செய்யாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கம்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தோல் ஷாப்பில் பச்சைத் தோலை யாரும் அளப்பதில்லை. ஈரத் தோல் சுருங்கும், நீளும், அதன் அளவுக்கு அர்த்தமே கிடையாது. பதம் போட்டு, நன்றாக இழுத்து விரித்து, ஆணி அடித்துக் காய வைத்த பிறகுதான் அளவுகோலை எடுப்போம். டாக்டர் சுண்டெலிகளை உள்ளறையில் தானே அளந்து, சீட்டு எழுதிக் கட்டி, அதற்குப் பிறகுதான் உரிப்பதற்கு என்னிடம் தருவார். அவர் அளந்ததை நான் பார்த்ததில்லை. வாணியம்பாடிக்குப் போகும்போது, "வாலையும் உடம்பையும் அளந்து எழுதி வை, தலையை டப்பாவுல நம்பர் போட்டு வை" என்று மட்டும் சொன்னார்.

வயிற்று நிறத்தைப் பார்த்தேன். சாம்பலும் இல்லை, வெள்ளையும் இல்லை, இரண்டுங்கெட்டான். பல்லைப் பார்க்கிற கண்ணாடியை அவர் கையோடு எடுத்துப் போயிருந்தார். வால்தான் சொல்ல வேண்டும். உரித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எதையும் உரித்ததில்லை. வாலெலும்பை முழுசாக உருவி எடுத்தேன். படிகாரம் தடவி, எங்கள் ஷாப்பு வழக்கப்படி உடம்புத் தோலைத் தலைக்கும் பின்னங்காலுக்கும் இழுத்துப் பலகையில் ஊசி குத்தினேன். எலும்பு போன வால் தன் பாட்டுக்குக் கிடந்து காய்ந்தது.

மறுநாள் அளந்தேன். வால் குட்டை. உடம்பைவிடக் குட்டை. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் வயல் சுண்டெலி.

எனக்குச் சந்தோஷம். பொய் சொல்லவும் வேண்டாம், அக்காவை மணலுக்கு அனுப்பவும் வேண்டாம். புத்தகத்தில் எழுதிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் குழந்தையைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "காட்டெலிதான்க்கா. எழுதிட்டேன்" என்றேன். அவள் நிமிர்ந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா இருடா" என்றாள். மறுபடி குனிந்து தண்ணீர் ஊற்றினாள். மணலுக்குப் போக வேண்டுமே என்று பதறினவளுக்கு நிம்மதி வந்துவிட்டது, அதனால்தான் பேச்சில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அந்த வரிசையில் கூரையிலிருந்து பெரிய எலிகள் விழ ஆரம்பித்தன. ஆறாம் நாள் அக்கா புருஷன், மாமாவுக்குக் காய்ச்சல். தொடையிடுக்கில் நெறி கட்டி, முட்டை அளவுக்கு வீங்கியது. வெளிச்சம் பட்டால் கத்தினார். இரண்டு நாள் இருந்தார். அவரை எடுத்த அன்று பெண் குழந்தைக்குக் கழுத்தில் கட்டியது. அவள் ஒரு நாள்கூட இல்லை. பக்கத்து வீடுகளிலும் பிணம் எடுத்தார்கள். கூரைகளைப் பிரித்து, மிச்சமிருந்தவர்களைக் கேம்ப்புக்குக் கொண்டு போனார்கள். எந்த மணலில் குழந்தை பிழைக்காது என்று அக்கா பயந்தாளோ, அதே மணலில் அந்தக் கைக்குழந்தை பிழைத்துக்கொண்டது.

டாக்டர் திரும்பி வந்தார். புத்தகத்தைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார். டப்பாவிலிருந்து தலையை எடுத்து, கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தோலை எடுத்தார்.

"எப்போ அளந்தே?"

"காஞ்ச பெறகுங்க."

"உரிக்கிறதுக்கு முன்னாடி அளக்கலியா?"

"பச்சையா இருக்கறப்ப எப்டிங்க அளக்கறது?"

அவர் பானையிலிருந்து ஒரு வீட்டுச் சுண்டெலியை எடுத்துக் கொன்று, என் கண்ணெதிரில் அளந்தார். வாலை முதுகில் மடித்துக் காட்டினார். மூக்கைத் தாண்டியது. "இப்போ நீ உன் வழியில செய்" என்றார். செய்தேன். மறுநாள் அளந்தபோது உடம்பு நீண்டு, வால் சுருங்கி, அதுவும் வயல் சுண்டெலியாக மாறியிருந்தது. அவர் புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே வேறு பெயர் எழுதினார். "தப்பு என்னுது. உனக்கு நான் சொல்லித் தரல" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. அவர் தப்பை அவர் எடுத்துக்கொண்டார், இருளர் பேச்சைத் தள்ளின என் தப்பு என்னிடமே கிடந்தது. அடுத்த வாரம் ஷாப்புக்கே திரும்பிவிட்டேன். இருளரை அதற்குப் பிறகு சந்தையில் இரண்டொரு முறை பார்த்தேன், பார்க்காதது போல நடந்துவிட்டேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் எதற்குச் சொல்ல வேண்டும் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அவள் ஷாப்பில் பட்டை இடிக்கிற வேலைக்கு வந்து பையனை வளர்த்தாள். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. தரையில்தான் படுப்பாள், பாய் வேண்டாம் என்பாள். மகள் போன நாளன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். எனக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள், ஒன்றைக்கூட அவள் கையில் தூக்கினதில்லை. என் மனைவிக்கு அதில் ரொம்ப வருத்தம். புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவள், அப்படித்தான் இருப்பாள் என்று நான் சமாதானம் சொன்னேன்.

பையனுக்குப் பத்தொன்பது வயதில் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை கிடைத்தது. அந்தச் செய்தியைச் சொல்ல ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்கு வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் தலை நிமிராமல் ஆரம்பித்தாள்.

"இனிமே அவன் பொழைச்சிக்குவான். உங்கிட்ட ஒன்னு சொல்லணும்டா. ரொம்ப நாளா மனசுல கீது."

"சொல்லுக்கா."

"அன்னிக்கி எனக்காவ நீ பொய் எழுதின. நீயா எழுதல. நான்தான் அழுது எழுத வெச்சேன். மாமா செத்தது, பொண்ணு செத்தது, அக்கம்பக்கத்துல செத்தது, எல்லாம் என் தலையிலதான். உனக்கு அதுல பாவம் இல்ல. நீ மனசுல வெச்சிக்காத. அத உங்கிட்ட சொல்லிடணும்னுதான் வந்தேன்."

அன்றைக்கு அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. எனக்காக இவன் பொய் சொல்லிவிட்டான் என்று நினைத்துத்தான் பார்த்திருக்கிறாள். கடலைத் தோலைக் கையில் நொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உரித்தது, இழுத்துக் குத்தியது, காய்ந்த பிறகு அளந்தது, இருளர் சொன்னது, டாக்டர் அடித்து எழுதியது, எல்லாம். பொய் எழுதவில்லை, அது வயல் சுண்டெலி என்று நம்பித்தான் எழுதினேன் என்றேன்.

அவள் கை நின்றது. "அப்ப நான் கேட்டதால இல்லியா?"

"இல்லக்கா."

"நான் கேக்காம இருந்தாலும் அப்டித்தான் எழுதியிருப்பியா?"

"அப்டித்தான்."

"தப்புன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"அந்த மாசமே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. குரலும் உயரவில்லை. "செத்தவங்க போவட்டும்டா. என்னிய ஏன் இத்தினி வருஷம் சாவடிச்ச?" என்றாள்.

வெட்கம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதுகூட வாயில் வரவில்லை. அவள் மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்து போனாள். வாசலில் என் கடைசிப் பெண், கைக்குழந்தை, மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு என் மனைவியிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என் வீட்டுப் படி ஏறவில்லை. மகனோடு ஜோலார்பேட்டைக்குப் போய்விட்டாள். நான் போனால் என் மனைவியோடும் பிள்ளைகளோடும் பேசுவாள். என்னோடு பேசமாட்டாள். போன ஐப்பசியில் செத்துப்போனாள். தந்தி கிடைத்ததும் வாணியம்பாடியில் இறங்கி, அவள் மேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடியாக நல்ல புடவை ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். அவள் மகன் என்னைத் தெருவிலேயே நிறுத்தினான். அவனுக்குக் காரணம் தெரியாது, பாவம், சொல்லவே கூச்சப்பட்டான். "மாமா, உங்க கோடி போடக்கூடாதுன்னு அம்மா சொல்லி வெச்சிட்டுப் போய்ட்டாங்க" என்றான். எரித்து முடிகிற வரைக்கும் புடவை என் கையிலேயே இருந்தது. மடிப்புக் கலையாமல் ரயிலில் திருப்பி எடுத்து வந்தேன்.